எல்லா லோடும் கம்பி மத்தாப்பு

பட்டாசுக் கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிப் பிழைக்கிறேன் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு, "வெடிக்கிற சாமானுக்கு எதுக்குங்க புரோகிராம்?" என்பார்கள். பதினைந்து வருஷமாகப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. இப்போது யாராவது கேட்டால், "வீட்ல சும்மா இருக்க முடியலை, அதான்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

திருத்தங்கலில் ஓர் ஆஃப்செட் பிரஸ்ஸின் மாடியில் என் ஆபீஸ். ஆபீஸ் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். ஓர் அறை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஃபேன், நான். கீழே மிஷின் ஓடத் தொடங்கினால் மேலே என் மேஜை ஆடும். காலண்டர் வேலையும் பட்டாசு சீசனும் ஒன்றாகச் சேர்ந்து வருகிற மாதங்களில் மேஜையோடு சேர்ந்து நானும் ஆடுவேன். அப்படிப்பட்ட ஒரு சீசனில் நான் செய்த தப்பைத்தான் இங்கே எழுதுகிறேன். தப்பு என்று இப்போது சுலபமாக எழுதுகிறேன். அப்போது அந்தச் சொல்லை என் வாயிலிருந்து எடுக்க ஒரு லாரியே நடுவழியில் நிற்க வேண்டியிருந்தது.

விஸ்வநத்தம் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனி. அதன் சரக்கில் பெரும்பகுதியை வடக்கே இருக்கிற ஒரு மொத்த வியாபாரி வாங்குவார். அந்த வியாபாரி திடீரென்று ஒரு நாள், இனிமேல் லோடு கிளம்பும்போது கையால் எழுதுகிற காகிதம் எதுவும் வேண்டாம், எல்லாம் வெப் சர்வீஸ் வழியாக வர வேண்டும் என்று சொல்லிவிட்டார். வெப் சர்வீஸ் என்றால் வேறொன்றுமில்லை. இங்கிருந்து ஒரு கம்ப்யூட்டர் அங்கிருக்கிற கம்ப்யூட்டருக்கு ஒரு கடிதம் எழுதும். லாரி எண் இது, பெட்டி இத்தனை, சரக்கின் வகை இன்னது என்று. அந்தக் கடிதத்தை எக்ஸ்எம்எல் என்ற முறையில் எழுத வேண்டும். ஒவ்வொரு விவரத்துக்கும் முன்னால் ஒரு பெயர், பின்னால் அதே பெயர், நடுவில் விவரம். அதைப் படித்ததும் அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டர் ஒரு சீட்டைத் தயார் செய்து லாரி டிரைவரின் போனுக்கு அனுப்பிவிடும். வழியில் செக்போஸ்ட்டில் அதைக் காட்டிவிட்டுப் போக வேண்டியதுதான்.

கம்பெனியில் சரக்கு அனுப்புகிற வேலையைப் பார்த்தவர் டெஸ்பாச் அக்கா. ஆமத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி வருவார். பதினெட்டு வயதில் பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிற வேலைக்கு வந்து, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று ஆபீஸுக்குள் மேஜை கொடுக்கப்பட்டவர். இருபது வருஷத்துக்கு மேலாக அந்தக் கம்பெனியை விட்டுப் போன எந்த லோடும் அவர் கையெழுத்து இல்லாமல் போனதில்லை. கம்ப்யூட்டர் வந்த பிறகு அந்தக் கையெழுத்தின் இடத்தில் "தயாரித்தவர்" என்று போட்டு அவர் பெயரை நான் அச்சடிக்க வைத்தேன். அவருக்கு அது பிடித்திருந்தது. "எம்புட்டு அழகா விழுது தாயி" என்றார்.

சரக்கின் வகை என்று சொன்னேனே, அதில்தான் எல்லாமே இருக்கிறது. அதை ஆளாளுக்கு இஷ்டத்துக்கு டைப் செய்ய விட முடியாது. ஒருவர் புஸ்வாணம் என்பார், ஒருவர் பூச்சட்டி என்பார். ஆகவே ஒரு வகைப் பட்டியலை முன்கூட்டியே கட்டி வைத்து, அதிலிருந்து ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்று வைப்போம். கம்ப்யூட்டர் அந்தப் பட்டியலுக்கு உள்ளுக்குள் எண் போட்டுக்கொள்ளும். முதலில் இருப்பதற்குப் பூஜ்யம், அடுத்ததற்கு ஒன்று என்று போகும். யாரும் எதையும் எடுக்காமல் விட்டால் பூஜ்யம்தான் நிற்கும். அதனால் கொஞ்சமாவது அடிபட்ட புரோகிராமர் யாரும் பூஜ்யத்தில் உண்மையான சரக்கை வைக்க மாட்டார். அங்கே "இல்லை" என்று வைப்பார். விவரம் வரவில்லை என்றால் வரவில்லை என்றே தெரியும். நான் நிறைய அடிபட்டவள். "இல்லை" என்றுதான் வைத்தேன்.

கம்பெனியில் அதை ஓட்டிக் காட்டிய நாள் நல்ல நாள், நல்ல நேரம் எல்லாம் பார்த்துக் குறித்தது. கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம். கீபோர்டுக்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழம். முதலாளி வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார். "வகை" என்ற கட்டத்தை அழுத்தினேன். பட்டியல் விரிந்தது. முதல் வரியில் "இல்லை" என்று நின்றது.

முதலாளி குனிந்து திரையைப் பார்த்தார்.

"என்னம்மா இது, எடுத்த எடுப்புல இல்லைன்னு வருது?" என்றார் முதலாளி.

"முதலாளி, அது சரக்கு கிடையாது. யாரும் எதையும் எடுக்கலைன்னா..."

"அது எதுவா வேணாலும் இருக்கட்டும். சீசன் தொடங்குற அன்னைக்கு மொத வார்த்தை இதுவா?"

அந்தக் கம்பெனியில் அந்தச் சொல்லை யாருமே சொல்ல மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாதது அல்ல. ஸ்டாக் தீர்ந்துபோனால் "வரணும்" என்பார்கள். ஆபீஸில் டீத்தூள் தீர்ந்தாலும் "வரணும்"தான். லோடு ஏற்றும்போது பெட்டி எண்ணுகிறவர் ஒன்று என்றுகூடத் தொடங்க மாட்டார். "லாபம், ரெண்டு, மூணு" என்றுதான் எண்ணுவார். வேலை கேட்டு வருகிறவர்களிடம் வேலை கிடையாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட மாட்டார்கள். "சொல்லி அனுப்புறோம்" என்பார்கள். இதெல்லாம் தெரிந்திருந்தும், கம்ப்யூட்டருக்குள் இந்தச் சாஸ்திரம் நுழையாது என்று நான் நம்பினேன்.

சரி, பெயரைத்தானே மாற்ற வேண்டும் என்று "காலி" என்று போட்டேன். முதலாளி நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "தெரியாது" என்று போட்டேன்.

"என் சரக்கு என்னன்னு எனக்கே தெரியாதாம்மா?"

இதற்கு மேல் என்ன செய்வது? நடக்கிற பூஜை கலையக் கூடாது, கிடைத்த ஆர்டர் கைவிட்டுப் போகக் கூடாது. அந்த வரியையே எடுத்தேன். முதல் இடத்துக்குக் கம்பி மத்தாப்பு வந்தது. விலைப்பட்டியலிலும் அதுதான் முதலில் இருக்கும். சீசனில் முதல் லாரியில் ஏறுகிற முதல் பெட்டியும் அதுதான். "ஆங், இதான் லட்சணம்" என்றார் முதலாளி. எல்லார் முகமும் மலர்ந்தது. எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. ஆனாலும் கேசரி சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். வடக்கே இருந்தவர்கள் பட்டியலைக் கேட்டபோது அதையே அனுப்பினேன். அவர்களும் அதை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டார்கள். ஆக, இரண்டு பக்கமும் பூஜ்யம் என்றால் கம்பி மத்தாப்பு.

இந்தப் பட்டியலை எக்ஸ்எம்எல்லாக எழுதுவதிலும் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. வகையின் பெயருக்கு நடுவே இடைவெளி இருக்கக் கூடாதாம். எண்ணில் தொடங்கக் கூடாதாம். ஊரே பத்து சென்டிமீட்டர் கம்பி, முப்பது சென்டிமீட்டர் கம்பி என்று எண்ணில்தான் தொடங்கிப் பேசுகிறது. புரோகிராமுக்குள் ஒரு பெயர், வெளியே போகும் கடிதத்தில் வேறொரு பெயர் என்று ஒவ்வொன்றுக்கும் தலைக்கு மேலே குறிப்பு எழுதி வைக்க வேண்டியிருந்தது. கல்யாணப் பத்திரிகையில் மாமன்மார் பெயரை வரிசைப்படுத்துவதற்குக்கூட இவ்வளவு கண்டிப்பு இருக்காது. எப்படியோ செய்து முடித்தேன். ஓடியது. ஒரு மாதம் ஒரு சிக்கலும் இல்லாமல் ஓடியது.

அதன் பிறகு வடக்கேயிருந்து ஒரு மெயில் வந்தது. நீளமான மெயில். நடுவில் எங்கேயோ ஒரு வரியில், வகை என்ற விவரம் இனிமேல் கட்டாயமில்லை, ஒரே வகைச் சரக்கு மட்டும் அனுப்புகிறவர்களுக்காக இந்தச் சின்ன மாற்றம் என்று எழுதியிருந்தார்கள். எங்கள் கம்பெனி எல்லா வகையும் அனுப்புகிறது. நமக்கென்ன என்று நினைத்தேன். அவர்கள் கொடுத்த புதிய விவரக்குறிப்பை எடுத்து, அதைப் படித்துத் தானாகவே புரோகிராம் எழுதிக்கொடுக்கிற கருவியிடம் கொடுத்தேன். ஒரு நிமிஷ வேலை. ஒரு பிழைச்செய்தியும் வரவில்லை. கீழே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கம்பெனிக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

அடுத்த வாரம் டெஸ்பாச் அக்கா போன் செய்தார்.

"தாயி, நேத்துப் போன லாரி டிரைவர் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பிருக்காரு. அதுல அம்புட்டும் கம்பி மத்தாப்புன்னே இருக்கு. நான் லட்சுமி வெடிதான போட்டேன்."

அன்று எனக்கு வேறொரு பிரஸ்ஸின் வேலை தலைக்கு மேல் இருந்தது. அவர் பேசி முடிப்பதற்குள் பதில் என் வாயில் தயாராக இருந்தது.

"அக்கா, வகையத் திறந்து எடுக்காம விட்டுருப்பீக. எடுக்கலைன்னா மொதல்ல உள்ளதுதான் நிக்கும்."

"எடுத்தேனே."

"நல்லாப் பாத்து எடுங்கக்கா. சீசன் அவசரத்துல விட்டுப் போறதுதான்."

"சரி தாயி" என்று வைத்துவிட்டார். நான் எழுந்துபோய்ப் பார்க்கவில்லை. ஒரு பட்டனைக்கூட அழுத்தவில்லை. அந்தப் பேச்சு இரண்டு நிமிஷம் நடந்திருக்குமா என்பதே சந்தேகம்.

அதற்குப் பிறகு போன லோடில்தான் லாரி நின்றது. எங்கோ ஒரு மாநில எல்லைச் செக்போஸ்ட்டில் சீட்டைப் பார்த்திருக்கிறார்கள். கம்பி மத்தாப்பு. பெட்டியைப் பிரித்திருக்கிறார்கள். லட்சுமி வெடி, அணுகுண்டு. ஒளிக்குப் பதில் ஓசை. தெரிந்தே பொய்ச்சீட்டு போட்டுக் கொண்டு போகிறார்கள் என்று லாரியை ஒதுக்குப்புறமாக நிறுத்திவிட்டார்கள். உச்சி வெயிலில், லோடு முழுக்க வெடியோடு, டிரைவர் தார்ப்பாய்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இங்கே முதலாளிக்கு உயிரே இல்லை. லைசென்ஸ் போய்விடுமோ என்ற பயம். பயம் நியாயமானதுதான்.

என்னைக் கூப்பிட்டார்கள். நான் கம்பெனிக்குப் போய்த் திரையைத் திறந்தேன். அந்த லோடுக்கு எதிரே வகை என்ற இடத்தில் லட்சுமி வெடி என்றும் அணுகுண்டு என்றும் சரியாகவே இருந்தது. எனக்கு நிம்மதி. "நம்ம பக்கம் சரியாத்தான் இருக்கு முதலாளி, அவங்க கம்ப்யூட்டர்தான் தப்பு" என்றேன். வடக்கே போன் போட்டேன். அங்கிருந்த கம்ப்யூட்டர்காரர், எங்களுக்கு வந்ததைத்தான் நாங்கள் அச்சடித்தோம், எங்கள் பக்கம் எல்லாம் சரி என்று இங்கிலீஷில் மரியாதையாகச் சொன்னார். நான் அதைவிட மரியாதையாக, எங்கள் பக்கம்தான் சரி என்றேன். இப்படியே இரண்டு நாள். எங்களைப் போன்றவர்களுக்கு இது ஒரு வியாதி. வீடு பற்றி எரிந்தாலும், தீ என் அறையில் தொடங்கவில்லை என்று நிரூபித்துவிட்டுத்தான் வாளியை எடுப்போம்.

முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. அவருடைய கணக்கு நேரானது.

"ரெண்டு கம்ப்யூட்டரும் சரியாத்தான் இருக்குன்னு சொல்றீக. அப்பத் தப்பு மனுசக் கையில. அனுப்பும்போது கம்பின்னு போட்டு அனுப்பிருக்கு, பெறகு நம்ம ஸ்கிரீன்ல மட்டும் மாத்தி வச்சிருக்கு. மாத்த முடியுமா முடியாதா?"

முடியும். அனுப்பிய பிறகும் திருத்திக்கொள்ளலாம் என்று நான்தான் வசதி செய்து வைத்திருந்தேன். "முடியும்" என்றேன். அந்த ஒரு சொல்லுக்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. அக்கா அங்கேயேதான் நின்றார். கையிலிருந்த பேனாவை மூடி மூடித் திறந்தார்.

அன்று சாயங்காலமே அவரிடம், "ரெண்டு நாள் வீட்ல இருங்க, சொல்லி அனுப்புறோம்" என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கம்பெனியில் அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாதா? எத்தனை பேரிடம் அவரே அதைச் சொல்லியிருப்பார். டிபன் பாக்ஸையும் கண்ணாடியையும் பையில் போட்டுக்கொண்டு போனார். வடக்கேயும் செக்போஸ்ட்டுக்கும் தவறு செய்த ஊழியரை மாற்றிவிட்டோம் என்று எழுதிக் கொடுத்து, லாரியை விடுவித்தார்கள்.

ஊரில் பேச்சு வேறு மாதிரி கிளம்பியது. வெடியை மத்தாப்பு என்று கடத்திக் கொடுக்க யாரிடமோ கைநீட்டிக் காசு வாங்கிவிட்டார் என்று. சிவகாசியில் தீ பரவுவதற்காவது மருந்து வேண்டும்.

முதலாளி என்னிடம் ஒரு வேலை சொன்னார். அனுப்பும்போது என்ன போனது என்பதைக் காகிதத்தில் எடுத்துக் கொடுக்க வேண்டும். நாளைக்கு யாராவது கேட்டால் காட்டுவதற்கு. அதாவது அக்கா செய்த தப்புக்கு அத்தாட்சி. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. என் புரோகிராமின்மேல் பழி வராது. உட்கார்ந்தேன்.

ஏற்கெனவே போன லோடுக்கான கடிதம் சேமித்து வைக்கப்படவில்லை. ஆகவே பொய்யாக ஒரு லோடு தயார் செய்து, லட்சுமி வெடி என்று நானே எடுத்து, அனுப்புவதற்கு முந்தின நொடியில் அந்த எக்ஸ்எம்எல்லை நிறுத்திப் படித்தேன். லாரி எண் இருந்தது. பெட்டி எண்ணிக்கை இருந்தது. தயாரித்தவர் பெயர் இருந்தது. வகை என்ற வரி இல்லை. கம்பி மத்தாப்பு என்று தவறாக இருந்தால்கூட எனக்குப் புரிந்திருக்கும். வரியே இல்லை.

திரும்பவும் செய்தேன். அணுகுண்டு எடுத்தேன். வரி இல்லை. புஸ்வாணம் எடுத்தேன். இல்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். இல்லை. கீழே மிஷினை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன், ஏதோ மிஷின்தான் அந்த வரியை உதிர்க்கிறது என்பதுபோல. மத்தியானச் சாப்பாடு கேரியரிலேயே ஆறிப்போனது. கடைசியில், அந்தக் கருவி தானாக எழுதிக் கொடுத்த புரோகிராமை, எவரும் திறந்து படிக்கவே கூடாது என்று நாங்கள் எல்லாரும் எங்களுக்குள் வைத்திருக்கிற அந்தக் குப்பையை, வரி வரியாகப் படித்தேன்.

வகை என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் புதிதாக இன்னொரு கட்டம் முளைத்திருந்தது. அதன் வேலை ஒன்றே ஒன்று. வகை சொல்லப்பட்டதா, ஆம் அல்லது இல்லை. அவர்கள் வகையைக் கட்டாயமில்லை என்று ஆக்கியதால் வந்த வினை. வகையில் லட்சுமி வெடி என்று போட்டால் மட்டும் போதாது. பக்கத்துக் கட்டத்தில், ஆமாம் போட்டிருக்கிறேன் என்றும் போட வேண்டும். போடாவிட்டால் வகையை எழுதாமலே கடிதம் போய்விடும். ஒரு எச்சரிக்கை கிடையாது, ஒரு சிவப்பு எழுத்து கிடையாது. பெட்டியைத் தலையில் தூக்கி வைத்த பிறகும், தூக்கி வைத்தேன் என்று தனியாகச் சீட்டு கொடுத்தால்தான் லாரியில் ஏற்றுவேன் என்கிற லோடுமேனை நான் இதுவரை பார்த்ததில்லை. அப்படி ஒருவர் இருந்தால் இந்த ஊரில் அரைநாள் வேலை பார்க்க முடியாது. கம்ப்யூட்டரில் மட்டும் இப்படிப்பட்டவரை வேலைக்கு வைத்துக் கும்பிடுகிறோம்.

அந்தப் பக்கம் கடிதத்தைப் பிரித்த கம்ப்யூட்டர் வகையைத் தேடியிருக்கிறது. காணவில்லை. காணாவிட்டால் பூஜ்யம். பூஜ்யம் என்றால் கம்பி மத்தாப்பு. அதுவும் சரியாகத்தான் செய்திருக்கிறது. எல்லாரும் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள், அந்த மெயிலை ஒழுங்காகப் படிக்காத என்னைத் தவிர. பூஜ்யத்தில் "இல்லை" நின்றிருந்தால் முதல் லோடிலேயே சீட்டு காட்டிக் கொடுத்திருக்கும் என்று கொஞ்ச நேரம் முதலாளியைத் திட்டினேன். அதிலும் மனசு ஆறவில்லை. ஒரே ஒரு வரி சேர்த்தேன். லட்சுமி வெடி லட்சுமி வெடியாகப் போனது.

மறுநாள் காலையிலேயே விஸ்வநத்தம் போய் முதலாளியிடம் சொன்னேன். தப்பு என்னுடையது, அக்கா எடுத்தது சரியாகத்தான் இருந்தது, என் புரோகிராம்தான் அதை அனுப்பவில்லை என்று. நான் எதிர்பார்த்தது திட்டு. அவர் திட்டவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சரி செஞ்சாச்சா?"

"செஞ்சாச்சு."

"அப்ப இதோட விடுங்க. ஆளால தப்பு, ஆள மாத்தியாச்சுன்னு அங்கன எழுதிக் குடுத்தாச்சு. இப்பப் போயி கம்ப்யூட்டர்லதான் தப்புன்னா, இந்த சீசன்ல போன அம்புட்டு சீட்டையும் தோண்டுவாக. நம்ம யாருக்கும் நல்லதில்ல. ஒங்களுக்கும்தான்."

"அக்காவுக்கு?"

"அந்தம்மாவுக்கு நான் பாத்துக்கிடுறேன். சொல்லி அனுப்புவோம்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் மேஜைமேல் இருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து வீசலாம் போல இருந்தது. வீசவில்லை. ஆபீஸுக்கு வந்து கடிதம் எழுதினேன். வடக்கே அனுப்ப இங்கிலீஷில் ஒன்று, முதலாளிக்கும் அக்காவுக்கும் தமிழில் ஒன்று. தமிழில் இரண்டு பக்கம் வந்தது. எந்த நாளில் விவரக்குறிப்பு மாறியது, எந்தக் கட்டம் புதிதாக வந்தது, அதில் ஆம் என்று போடாததால் எந்த வரி விடுபட்டது, விடுபட்டால் எதிர்ப்பக்கம் எதை எடுத்துக்கொள்ளும், எல்லாவற்றையும் படிப்படியாக எழுதினேன். கீழே கையெழுத்து, முத்திரை. உண்மையைச் சொன்னால், எழுதி முடித்ததும் எனக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வடக்கே அனுப்பிய அன்றே முதலாளி போன் செய்தார். கோபமாகப் பேசவில்லை. "சீசன் முடியட்டும், பேசுவோம்" என்றார். அடுத்த சீசனுக்கு அந்தக் கம்பெனி எனக்குக் கிடையாது என்று புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆமத்தூர் போனேன். அக்கா அப்போதுதான் கோயிலிலிருந்து வந்திருந்தார். அவர் கோயில் என்றால் சர்ச். வெள்ளைச் சேலையைக்கூட மாற்றவில்லை. என்னைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றுவிட்டு, "வா தாயி, சாப்பிட்டியா?" என்றார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"நாளைக்கு ஒங்க திருத்தங்கல்லதான் ஒரு பிரஸ்ல வரச் சொல்லிருக்காக" என்றார். "டெஸ்பாச் வேலைதான். ஏன் அங்கனருந்து வந்தீகன்னு கேப்பாகள்ல? அதான் என்னத்தச் சொல்றதுன்னு உக்காந்து யோசிச்சிக்கிட்டிருக்கேன். கோயில்லயே ஒரு மாதிரிப் பாக்குறாக."

"அதுக்குத்தான்க்கா வந்தேன்" என்று கடிதத்தைக் கொடுத்தேன். "இதைக் காட்டுங்க. போதும்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். லோடு பட்டியலைச் சரிபார்ப்பதுபோல, நிதானமாக, ஒரு சொல் விடாமல். முதல் பக்கம் முடிந்து இரண்டாம் பக்கம் போனார். திரும்பவும் முதல் பக்கத்துக்கு வந்தார். நான் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, நன்றி சொல்லப் போகிறார், அதற்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"நல்லா எழுதிருக்க தாயி" என்றார். "இதுல நான் தப்பு பண்ணலைன்னு எந்த வரியில இருக்கு?"

"அக்கா, அதுதானக்கா மொத்தமும். அந்தக் கட்டத்துல ஆம்னு போகலை. அதனால..."

"எனக்குப் புரியுது. நாளைக்கு அந்தப் பிரஸ்காரக படிச்சா புரியுமா? எந்த வரின்னு காட்டு, நான் கோடு போட்டு வச்சுக்கிடுறேன்."

வாங்கிப் பார்த்தேன். விவரக்குறிப்பு இருந்தது. கருவி இருந்தது. கட்டம் இருந்தது. விடுபட்ட வரி எது என்றுகூட இருந்தது. இரண்டு பக்கத்திலும் அக்கா இல்லை. அவர் பெயர்கூட எங்கேயும் இல்லை. மேலிருந்து கீழே மறுபடியும் தேடினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதித் தாறேன்க்கா" என்றேன். ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்து வந்து கொடுத்தார். லோடு போன ஒவ்வொரு முறையும் இவர் சரக்கின் வகையைச் சரியாகவே பதிவு செய்தார், தவறு முழுவதும் புரோகிராம் எழுதிய என்னுடையது, இவர்மேல் எந்தப் பிழையும் கிடையாது என்று பெரிய எழுத்தில் எழுதினேன். கையெழுத்துப் போடப் போனேன்.

"இரு" என்றார். "நான் மொதல்லயே ஒங்கிட்டப் போன் பண்ணிச் சொன்னேன்னும் எழுது."

முதலாளியிடம் எல்லாம் சொன்னேன். வடக்கே எல்லாம் எழுதினேன். இதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று முடிவு செய்து மறைத்ததுகூடக் கிடையாது. என் ஞாபகத்துக்கே வரவில்லை என்றுதான் அந்த நிமிஷம் வரை நம்பிக்கொண்டிருந்தேன். எழுதினேன். லாரி நிற்பதற்கு முன்பே இவர் என்னிடம் சொன்னார், நான் பார்க்கவில்லை என்று. இந்த முறை சாக்குச் சொல்லக் கீழே மிஷின் எதுவும் ஓடவில்லை.

அக்கா வாங்கிப் படித்தார்.

"அன்னைக்கு என்ன தேதின்னும் போடு" என்றார்.

எனக்கு அந்தத் தேதி தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது. நேரமும் சொன்னார்.